பழைய ரா கோப்புகளைப் புதிய மென்பொருளில் மீண்டும் பதப்படுத்துதல்

டிஜிட்டல் கேமராவின் சென்சார் ஒவ்வொரு புள்ளியிலும் அளந்த ஒளியின் அளவை, கேமராவுக்குள்ளேயே படமாக மாற்றி முடித்துவிடாமல், அளந்தபடியே பதிந்து வைக்கும் கோப்புக்கு ரா கோப்பு என்று பெயர். 2004-இல் எடுத்த ஒரு ரா கோப்பிலிருந்து அந்த ஆண்டிலேயே உருவாக்கிய படம், அன்றைய மென்பொருள் அறிந்திருந்த கணக்கின்படி அந்த அளவீடுகளுக்குக் கிடைத்த ஒரு விளக்கமாகும். கணக்கு மேம்பட்ட பின் அதே அளவீடுகளை மீண்டும் படமாக்கினால், அன்று மறைந்திருந்த நிறமும் நுணுக்கமும் வெளிப்படுகின்றன. கேமரா எழுதிய ஜேபெக் கோப்புக்கு இந்த வாய்ப்பு மிகக் குறைவு. ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிநிலைகளை மட்டுமே ஜேபெக் வைத்துக்கொள்கிறது. அக்காலத்து 12 பிட் ரா கோப்போ 4096 படிநிலைகள் வரை பதியும் திறன் கொண்டது.

2003-இல் வெளிவந்த கேனான் இஓஎஸ் 300டி, 2004-இல் வெளிவந்த நிக்கான் டி70 போன்ற ஆறு மெகாபிக்சல் கேமராக்களிலும், அவற்றை அடுத்து வந்த தலைமுறைக் கேமராக்களிலும் எடுத்த ரா கோப்புகளை வைத்திருப்போருக்காக இந்த அத்தியாயம் எழுதப்பட்டுள்ளது. அவற்றைப் பாதுகாப்பாக மீட்டெடுத்தல், தெரிவு செய்தல், பதப்படுத்துதல், எடுத்து வைத்தல் ஆகிய வேலைகள் செய்ய வேண்டிய வரிசையிலேயே விளக்கப்படுகின்றன.

மாறியிருப்பவை எவை

கோட்பாட்டில் தெரிந்துகொள்ள வேண்டியவை மூன்று. முதலாவது, நிறத்தை நிரப்பும் கணக்கு. பெரும்பாலான சென்சார்களின் மேல், கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் வடிவமைத்து 1976-இல் காப்புரிமை பெற்ற வடிகட்டி அமைப்பு பொருத்தப்பட்டுள்ளது. அதன்படி ஒவ்வொரு பிக்சலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றில் ஒரே ஒரு நிறத்தை மட்டுமே அளக்கிறது. விடுபட்ட இரண்டு நிறங்களையும் பக்கத்துப் பிக்சல்களைக் கொண்டு மதிப்பிடும் வேலை டிமொசைக்கிங் எனப்படும். இந்த மதிப்பீடு தவறும் இடங்களில், உண்மையில் இல்லாத வண்ணக் கோடுகள் தோன்றுகின்றன. இக்குறைக்கு மோரே என்று பெயர். நிக்கான் டி70 இக்குறைக்குப் பேர்போனது. பட்டுச்சேலையின் ஜரிகைக் கரையை அந்தக் கேமராவில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், தங்க இழைகளுக்கு இடையே பச்சையும் ஊதாவும் வரிவரியாக ஓடுவதைக் காணலாம். இன்றைய டிமொசைக்கிங் கணக்குகள் இந்த வரிகளைப் பெருமளவு தணித்து, இழைகளைத் தனித்தனியாகக் காட்டுகின்றன.

இரண்டாவது, ஒளி நிழல்களைக் கையாளும் முறை. அடோபி லைட்ரூம் 2007-இல் வெளிவந்தபோது இருந்த கணக்கு, 2010-இலும் பின்னர் 2012-இலும் அடிப்படையிலேயே மாற்றப்பட்டது. இருண்ட பகுதியைத் திறந்தால் பொருளின் விளிம்பைச் சுற்றி வெளிறிய வளையம் படியும் பழைய குறை, 2012-இன் கணக்கில் வெகுவாகக் குறைந்தது. மூன்றாவது, இரைச்சல் நீக்கம். ஒளி போதாத இடத்தில் எடுத்த படத்தில் மணல் தூவியதுபோல் தெரியும் புள்ளிகளே இரைச்சல் எனப்படுகின்றன. ஏராளமான படங்களைக் கொண்டு பயிற்றப்பட்ட செயற்கை நுண்ணறிவு முறை, டிஎக்ஸ்ஓ நிறுவனத்தின் டீப்பிரைம் வழியாக 2020-இலும், அடோபியின் டீநாய்ஸ் வழியாக 2023-இலும் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. பழைய கோப்புகளுக்கு மிகப் பெரிய பயன் தந்த முன்னேற்றம் இதுவே.

எந்த மென்பொருளாலும் மீட்க முடியாதவை உண்டு என்பதையும் தொடக்கத்திலேயே ஏற்றுக்கொள்ள வேண்டும். மூன்று நிறங்களும் நிரம்பி வழிந்து முழு வெள்ளையான வானத்தில் மேகம் திரும்பி வராது. ஃபோகஸ் தவறிய கண்ணும் கை அசைந்து கலங்கிய முகமும் நேராகிவிடா. ஒன்று அல்லது இரண்டு நிறங்கள் மட்டுமே நிரம்பியிருந்தால், எஞ்சிய நிறத்தைத் துணையாகக் கொண்டு ஓரளவு மீட்க இயலும்.

பதப்படுத்தும் முன்: கோப்புகளைக் காத்தல்

ஆர்வத்தில் நேரடியாக மென்பொருளைத் திறந்துவிடுவோரே மூலக் கோப்புகளை இழக்கின்றனர். பின்வரும் படிகளை முடிக்காமல் அடுத்த பகுதிக்குச் செல்லலாகாது.

1. பழைய சிடி, டிவிடி, மெமரி கார்டு, ஹார்ட் டிஸ்க் ஆகியவற்றில் உள்ள எல்லாவற்றையும் முதலில் கணினியில் ஒரே இடத்திற்கு நகலெடுக்க வேண்டும். வீட்டில் எழுதிய சிடிகளின் சாயப் படலம் வெயிலாலும் ஈரத்தாலும் சிதையக்கூடியது. ஒரு டிரைவில் படிக்க மறுக்கும் தட்டு வேறொரு டிரைவில் படிக்கப்படுவது உண்டு என்பதால், ஒரே முயற்சியில் தோற்ற தட்டை எறிந்துவிடக் கூடாது. பழைய மெமரி கார்டைச் செருகியதும் ஃபார்மேட் செய்யச் சொல்லிக் கணினி கேட்டால் மறுத்துவிட வேண்டும்.

2. நகல் சரியாக வந்துள்ளதா என்று சரிபார்க்க வேண்டும். கோப்புகளின் எண்ணிக்கையையும் மொத்த அளவையும் ஒப்பிடுவது குறைந்தபட்சத் தேவை. ஒவ்வொரு கோப்புக்கும் செக்சம் எனப்படும் சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு ஒரு பட்டியலாக வைத்துக்கொண்டால், பல ஆண்டுகள் கழித்தும் எந்தக் கோப்பாவது சிதைந்துள்ளதா என்பதை உறுதியாக அறியலாம்.

3. துணைக் கோப்புகளைப் பிரிக்கக் கூடாது. கேனான் 300டி கேமரா சிஆர்டபிள்யூ என்று முடியும் ஒவ்வொரு ரா கோப்புக்கும் இணையாக அதே எண்ணில் டிஎச்எம் என்று முடியும் சிறிய கோப்பு ஒன்றை எழுதியது. படம் எடுத்த விவரங்கள் அதில் அடங்கியுள்ளன. எக்ஸ்எம்பி என்று முடியும் கோப்புகளில் பழைய திருத்தங்கள் இருக்கும். இவற்றைத் தேவையற்ற குப்பை என்று கருதி அழித்துவிடுவது அடிக்கடி நிகழும் பிழை.

4. இரண்டு தனித்தனி ஹார்ட் டிஸ்க்குகளில் காப்புப்பிரதி எடுத்து, அவற்றில் ஒன்றை வேறு வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ வைக்க வேண்டும். பதப்படுத்தும் வேலை மூன்றாவது நகலில் மட்டுமே நடக்க வேண்டும்.

5. மூலக் கோப்புகளுக்குப் படிக்க மட்டும் என்ற அனுமதியை அமைத்துக்கொள்வது நலம். நிக்கானின் பழைய கேப்சர் மென்பொருள் தன் திருத்தங்களை என்இஎஃப் என்று முடியும் ரா கோப்புக்குள்ளேயே எழுதியது. அவ்வாறான மென்பொருளைச் சோதனைக்காகக்கூட மூலப் பிரதியில் இயக்கலாகாது.

குறிப்பு: ரா கோப்புகளைப் பொதுத் தரமான டிஎன்ஜி வடிவத்துக்கு மாற்றும் கருவியை அடோபி இலவசமாக வழங்குகிறது. 2004-இல் அறிமுகமான இவ்வடிவம் நம்பத்தக்கதே என்றாலும், மாற்றிய பின் மூலக் கோப்பை அழிப்பது தவறு. மாற்றும்போது இழப்புள்ள சுருக்கம் என்ற தெரிவைத் தொடவே கூடாது; அத்தெரிவில் பேயர் அமைப்பு அழிந்து, டிமொசைக்கிங் முடிந்த நிலையிலேயே கோப்பு எழுதப்படக்கூடும் என்பதால், மூல அளவீட்டை எதிர்பார்க்கும் புதிய கருவிகள் பல அதன்மேல் முழுப் பயன் தராமல் போகலாம்.

மென்பொருளைத் தேர்தல்

பணம் செலவழிக்காமலேயே இவ்வேலையின் பெரும்பகுதியைச் செய்ய முடியும். டேவ் காஃபின் 1997-இல் எழுதத் தொடங்கிய டிசிரா என்ற திறந்த நிரல், நூற்றுக்கணக்கான கேமராக்களின் ரா வடிவங்களைப் படிக்கும் வழியைப் பொதுவுடைமையாக்கியது. கேமரா நிறுவனங்கள் தம் பழைய மென்பொருளைக் கைவிட்ட பின்னரும் அக்கோப்புகள் திறப்பதற்கு அந்த ஒரு மனிதரின் உழைப்பு பெரிய காரணம் என்பதை ஒளிப்படத்தில் அக்கறையுள்ளோர் நன்றியுடன் நினைவில் கொள்ள வேண்டும். ராதெரபி, டார்க்டேபிள் ஆகிய இரண்டும் இன்று இலவசமாகக் கிடைக்கும் முழுமையான மென்பொருள்கள். ராதெரபியில் டிமொசைக்கிங் கணக்கைப் பயனரே தெரிவு செய்யலாம். அதிலுள்ள அமேஸ் என்ற கணக்கு, இரைச்சல் குறைந்த பழைய கோப்புகளில் மிக நுணுக்கமான விவரத்தைத் தருகிறது. டார்க்டேபிள், கேமராவின் பெயரையும் ஐஎஸ்ஓ அளவையும் பார்த்து அதற்கென அளந்து வைத்த இரைச்சல் விவரத்தைப் பயன்படுத்துகிறது.

கட்டண மென்பொருள்களில் லைட்ரூமும் டிஎக்ஸ்ஓ ஃபோட்டோலேபும் செயற்கை நுண்ணறிவு இரைச்சல் நீக்கத்தில் முன்நிற்கின்றன. டிஎக்ஸ்ஓ மென்பொருள் தன் பட்டியலில் உள்ள கேமராக்களின் ரா கோப்புகளை மட்டுமே திறக்கும் என்பதால், வாங்கும் முன் பட்டியலில் தம் கேமரா உள்ளதா என்று பார்ப்பதும், இலவசச் சோதனைக் காலத்தில் தம் கோப்புகளையே இட்டுப் பார்ப்பதும் இன்றியமையாதவை. இக்கருவிகளுக்கு நல்ல கிராஃபிக்ஸ் கார்டு தேவை; அது இல்லாத கணினியில் ஒரே படத்துக்குப் பல நிமிடங்கள் ஆகலாம்.

படங்களைத் தெரிவு செய்தல்

ஆயிரக்கணக்கான கோப்புகளையும் மீண்டும் பதப்படுத்த முயல்வது வேலையை நடுவில் கைவிடுவதில் முடியும். முன்பு பிடித்திருந்தும் இரைச்சலாலோ இருட்டாலோ ஒதுக்கிய படங்களே இன்று முதலில் எடுக்கத் தக்கவை. அன்று நன்றாக வந்த படங்கள் இன்று சற்றே கூடுதலாக நன்றாக வரும், அவ்வளவே. மறைந்துவிட்டவர்களின் முகம், இடிக்கப்பட்ட கட்டடம், இனி எடுக்க இயலாத நிகழ்வு ஆகியவற்றுக்குத் தொழில்நுட்பத் தரம் பாராமல் முன்னுரிமை தருவது முறை.

பதப்படுத்தும் வரிசை

வரிசை இங்கே முக்கியம். முன்னே செய்ய வேண்டியதைப் பின்னே செய்தால் ஏற்கெனவே செய்த வேலையைத் திரும்பச் செய்ய நேரும்.

1. பழைய திருத்தத்தைக் காத்துக்கொள்ளுதல். லைட்ரூமில் முன்பே திருத்திய படமானால், மெய்நிகர் நகல் எனப்படும் இரண்டாவது பதிவை உருவாக்கிக்கொள்ள வேண்டும். இது கோப்பை இரட்டிப்பதில்லை. திருத்தங்களின் பட்டியலை மட்டுமே இரண்டாகப் பிரிக்கிறது. பழையதையும் புதியதையும் அருகருகே வைத்து ஒப்பிட இதுவே வழி.

2. கணக்கின் பதிப்பை மாற்றுதல். பழைய படத்தைப் புதிய லைட்ரூமில் திறந்தாலும், அது முன்பு திருத்தப்பட்ட காலத்துக் கணக்கிலேயே தோன்றும். பயனர் தாமே மாற்றும்வரை புதிய கணக்கு செயல்படாது. புதிய மென்பொருள் வாங்கியும் வேறுபாடு தெரியவில்லை என்று பலர் சலித்துக்கொள்வதற்கு இதுவே காரணம். காலிபிரேஷன் பகுதியில் உள்ள பிராசஸ் என்ற தெரிவில் அண்மைப் பதிப்பைத் தேர்ந்தெடுத்து, பின்னர் எல்லாத் திருத்தங்களையும் நீக்கிப் படத்தைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவர வேண்டும். பழைய அளவுகளை மென்பொருள் புதிய கணக்குக்குத் தோராயமாகப் பெயர்த்துத் தருமாயினும், அதன்மேல் கட்டுவதைவிடப் புதிதாகத் தொடங்குவதே நல்ல பலன் தருகிறது.

3. நிற விவரத்தையும் லென்ஸ் திருத்தத்தையும் அமைத்தல். சென்சார் எண்களை நிறங்களாகப் பெயர்க்கும் அட்டவணைக்கு புரொஃபைல் என்று பெயர். 2018-க்கு முன் திருத்திய படங்களில் அடோபி ஸ்டாண்டர்டு என்ற புரொஃபைல் இருக்கக்கூடும். அடோபி கலர், கேமரா நிறுவனத்தின் பாணியைப் பின்பற்றும் புரொஃபைல்கள் ஆகியவற்றை மாற்றி மாற்றிப் பார்த்து, தோல் நிறம் எதில் இயல்பாக உள்ளதோ அதைக் கொள்ள வேண்டும். லென்ஸின் வளைவையும் மூலைகளின் இருட்டையும் தானாகச் சரிசெய்யும் வசதியை இதே கட்டத்தில் இயக்கலாம்.

4. வெண்மைச் சமநிலை. ஒளியின் நிறச் சாய்வை நீக்கி வெள்ளைப் பொருளை வெள்ளையாகக் காட்டும் திருத்தமே வெண்மைச் சமநிலை. குண்டு பல்பு ஒளியில் எடுத்த கல்யாண மண்டபப் படம் ஒன்றை எடுத்துக்கொண்டால், அவ்வொளியில் சிவப்பு மிகுந்தும் நீலம் மிகக் குறைந்தும் இருப்பதால் சென்சாரின் நீலப் பிக்சல்கள் கிட்டத்தட்டப் பட்டினி கிடந்திருக்கும். வெண்மையைச் சரிசெய்யும்போது அந்தச் சிறிதளவு நீலத்தை மென்பொருள் பல மடங்கு பெருக்க நேர்வதால், நீலத்தோடு அதன் இரைச்சலும் பெருகி, கறுப்புக் கூந்தலிலும் நிழலிலும் கறைகளாகத் தெரிகிறது. முன்பு அத்தகைய படங்களை மஞ்சளாகவே விட்டுவைத்ததற்குக் காரணம் இதுவே. இன்றைய இரைச்சல் நீக்கம் துணைக்கு இருப்பதால் துணிந்து சரிசெய்யலாம். எனினும் மஞ்சளை முழுதும் துடைத்துவிடாமல் சற்றே வெதுவெதுப்பாக விடுவது, அந்த இடத்தின் ஒளிக்கு உண்மையாக இருக்கும்.

5. இரைச்சல் நீக்கம். செயற்கை நுண்ணறிவுக் கருவியை இக்கட்டத்தில், அதாவது படத்தின் ஒரு பகுதியை மட்டும் திருத்துவதற்கான மாஸ்க் வரைவதற்கும் புள்ளி நீக்குவதற்கும் முன்னதாகவே இயக்க வேண்டும். லைட்ரூம் தானாகத் தரும் 50 என்ற அளவு பழைய ஆறு மெகாபிக்சல் கோப்புகளுக்குப் பெரும்பாலும் மிகை. 25-இல் தொடங்கி, 100 விழுக்காட்டுப் பெரிதாக்கலில் முகத்தைப் பார்த்தபடியே சிறிது சிறிதாக ஏற்றுவது நல்லது. குழுப் படத்தின் பின்வரிசையில் முகங்கள் முப்பது, நாற்பது பிக்சல் அகலமே இருக்கும். அவற்றில் கருவி அளவு மீறினால் இல்லாத இமைமயிர்களையும் மெழுகு போன்ற கன்னத்தையும் உருவாக்கிவிடும். பின்னணிப் பெயர்ப்பலகையில் மங்கலாக இருந்த எழுத்துகள், எழுத்து போலத் தோன்றி எந்த எழுத்துமாக இல்லாத வளைவுகளாக மாறுவதும் உண்டு. இத்தகைய இடம் தென்பட்டால் அளவைக் குறைக்க வேண்டும். குடும்பப் படமும் ஊர்ப் படமும் நாளை ஆவணங்களாகப் பயன்படுபவை; கருவி கற்பித்த முகத்தைவிடச் சிறிது இரைச்சலுடன் கூடிய உண்மை முகம் மேலானது.

6. ஒளி நிழல். முதலில் எக்ஸ்போஷர் என்ற மொத்த ஒளியளவை முகத்துக்கு ஏற்ப அமைத்து, அதன் பின்னரே வெளிச்சப் பகுதியை இறக்கி நிழல் பகுதியை ஏற்ற வேண்டும். சிவப்புப் பட்டு இந்த இடத்தில் தனிக் கவனம் கேட்கிறது. கேமரா ஜேபெக்கில் மடிப்பே இல்லாத ஒரே சிவப்புத் திட்டாகத் தெரிந்த சேலை, ரா கோப்பில் பெரும்பாலும் நிரம்பி வழிந்திருப்பதில்லை. சிவப்பின் செறிவைச் சற்றுக் குறைத்து, வெளிச்சப் பகுதியையும் இறக்கினால் மடிப்புகளும் நெசவும் திரும்பி வருகின்றன. நிழலைத் திறப்பதில் அளவு தேவை: பழைய சென்சார்களின் ஆழ்ந்த இருட்டில் படுக்கைவாட்டில் வரிகள் ஓடுவதுண்டு, அவை தென்படத் தொடங்கும் இடத்துக்கு முன்பே நிறுத்திக்கொள்ள வேண்டும்.

7. தூசு நீக்கம். 300டி, டி70 ஆகியவற்றில் சென்சாரைத் தானாகத் துடைக்கும் அமைப்பு இல்லை. எனவே அபெர்ச்சரைச் சுருக்கி எடுத்த வானத்தில் சாம்பல் நிற வட்டங்கள் இருக்கும். புதிய மென்பொருளின் புகைமூட்டம் நீக்கும் கருவி அவற்றை இன்னும் எடுப்பாகக் காட்டும். லைட்ரூமில் புள்ளிகளைக் கறுப்பு வெள்ளையாகக் காட்டும் வசதியை இயக்கிவிட்டு நீக்குவது எளிது. ஒரே நாளில் எடுத்த படங்களில் தூசு ஒரே இடத்தில்தான் இருக்கும் என்பதால், ஒரு படத்தில் செய்த நீக்கத்தை மற்றவற்றுக்கும் நகலெடுத்துச் சரிபார்த்தால் நேரம் மிச்சமாகும்.

8. கூர்மையும் பெரிதாக்கலும் கடைசியில். அடோபி 2021-இல் வெளியிட்ட சூப்பர் ரெசல்யூஷன் கருவி நீளத்தையும் அகலத்தையும் இரட்டிக்கிறது. டி70-இன் 3008 × 2000 பிக்சல் படம் இதனால் 6016 × 4000 ஆகிறது. அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற கணக்கில், 10 அங்குல அச்சுக்குப் போதுமான படம் 20 அங்குல அச்சுக்குப் போதுமானதாகிறது. கூர்மையாக ஃபோகஸ் ஆன, குறைந்த ஐஎஸ்ஓ படங்களுக்கு மட்டுமே இது தகும். கலங்கிய படத்தைப் பெரிதாக்கினால் கலங்கலே பெரிதாகும். பெரிய அச்சு எடுக்கும் எண்ணம் இல்லையென்றால் இக்கருவியைத் தொடத் தேவையில்லை.

வழக்கமாக நேரும் பிழைகள்

திரையின் வெளிச்சத்தை முழு அளவில் வைத்துக்கொண்டு பதப்படுத்துவது மிகப் பரவலான பிழை. திரையில் சரியாகத் தெரிந்த படம் அச்சில் இருண்டு வருவதற்கு இதுவே முதற்காரணம். திரைக்கு அருகில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, இரண்டும் ஏறத்தாழ ஒரே வெளிச்சமாகத் தெரியும்வரை திரையைக் குறைத்துக்கொள்வது எளிய தீர்வு.

இரண்டு இரைச்சல் நீக்கக் கருவிகளை அடுத்தடுத்து இயக்குவதும், கேமரா ஜேபெக்கின் மீது இக்கருவிகளை இயக்கிவிட்டு ரா கோப்பில் இயக்கியதாக எண்ணுவதும் அடிக்கடி காணப்படுகின்றன. ராவும் ஜேபெக்கும் ஒரே பெயரில் ஒரே கோப்புறையில் இருக்கும்போது பிந்தைய குழப்பம் எளிதில் நேர்கிறது; கோப்பின் முடிவுப் பெயரைக் காட்டும்படி கணினியை அமைத்துக்கொண்டால் இது தவிரும். கேனானின் சில கேமராக்கள் எழுதிய எஸ்ரா என்ற சிறு வடிவம் பெயரளவில் மட்டுமே ரா. அதில் டிமொசைக்கிங் முன்பே முடிந்துவிடுவதால் பல புதிய கருவிகள் அதன்மேல் முழுமையாக இயங்குவதில்லை.

ஒரே மாலையில் ஐம்பது படங்களைத் திருத்தி, அன்றே அச்சுக்கு அனுப்புவதும் தவிர்க்க வேண்டியது. கண் விரைவில் மிகை நிறத்துக்கும் மிகைக் கூர்மைக்கும் பழகிவிடுகிறது. மறுநாள் காலையில் பழைய பதிப்புடன் அருகருகே வைத்துப் பார்த்தால் எங்கே அளவு கடந்தது என்பது உடனே தெரியும்.

எடுத்து வைத்தல்

முடித்த படத்தைப் பகிர்வதற்கு எஸ்ஆர்ஜிபி நிறவெளியில் ஜேபெக்காகவும், பெரிய அச்சுக்கு 16 பிட் டிஃப் கோப்பாகவும் எடுக்கலாம். கோப்பின் பெயரில் படம் எடுத்த ஆண்டையும் பதப்படுத்திய ஆண்டையும் சேர்த்து எழுதுவது பிற்காலத்தில் குழப்பம் தராது. இரைச்சல் நீக்கத்தின்போது மென்பொருள் புதிய டிஎன்ஜி கோப்பு ஒன்றை உருவாக்கியிருந்தால், அது மூலக் கோப்பைவிடப் பல மடங்கு பெரியதாக இருக்கலாம். இடம் போதாவிட்டால் அதை அழிக்கலாம், ஏனெனில் அதை மறுபடி உருவாக்க முடியும். மூல ரா கோப்பையும் அதன் எக்ஸ்எம்பி துணைக் கோப்பையும் மட்டும் எந்நிலையிலும் அழிக்கக் கூடாது. திருத்தங்கள் லைட்ரூமின் கேட்டலாக் என்ற தரவுத்தளத்துக்குள் மட்டுமே இருந்தால், அவற்றை எக்ஸ்எம்பி கோப்பாகவும் எழுதும்படி அமைப்பில் மாற்றிக்கொண்டு, கேட்டலாகையும் சேர்த்து இரண்டு காப்புப்பிரதிகளிலும் புதுப்பித்த பின்னரே வேலை நகலை அகற்ற வேண்டும்.